உப்பில்லாத எட்டு வாரம்

அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று ஆலையில் எல்லோரும் சொல்வார்கள். தப்பு. நுனியில் உட்கார்ந்திருந்தால் என்றைக்காவது இறங்கிப் போயிருக்கும். இது குடியேறிவிட்ட கோபம். டீ ஆறிப்போனால் கோபம். டீ சுட்டால் கோபம். பஸ் தாமதமாக வந்தால் கோபம். சரியான நேரத்துக்கு வந்தால், அப்போ நேற்று மட்டும் ஏன் வரவில்லை என்று கோபம். அப்படிப்பட்ட ஆளிடம் போய், "அண்ணே, கோபத்தைக் குறைங்க, பிரஷர் தானா குறையும்" என்று கேட் காவலாளி முதல் கேண்டீன்காரர் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னால் என்ன ஆகும்? சொன்னவர்களெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஆலை அது. கூரைக்குக் கீழே, இரண்டு தண்டவாளங்களின் மேல் ஓடுகிற பெரிய கிரேனை ஓட்டுகிறவர் இவர். தரையிலிருந்து நாற்பது படி ஏறினால் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி. அங்கேதான் எட்டு மணி நேரமும். அதனால் அவருக்கு மேல்மாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மேல்மாடி காலியா?" என்று கீழேயிருந்து எவனாவது ஒருத்தன் தினமும் கேட்பான். ஒன்பது வருஷமாக அதே நகைச்சுவை. ஒன்பது வருஷமாக அவரும் அதற்கு அதே கெட்ட வார்த்தையைத்தான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் அவர் வேறு ஆள். கொதிக்கிற இரும்பு ததும்பும் கொப்பரையைக் கொக்கியில் மாட்டி, கீழே வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே கொண்டுபோய், அச்சின் வாய்க்கு நேரே கொண்டு நிறுத்துவார். ஒரு சொட்டு சிந்தாது. அப்போது அவரிடம் கோபமும் கிடையாது, பேச்சும் கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் தான் ஒரு மனிதன் என்று தோன்றுவதாக ஒருமுறை மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "அப்போ வீட்டுல இருக்கும்போது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

வருஷாந்திரப் பரிசோதனையில், ஆலையின் மருத்துவ அறையில் இருக்கும் நர்ஸ் பட்டையைக் கையில் சுற்றி, காற்றடித்து, இறக்கி, மறுபடியும் அடித்துப் பார்த்தாள். மூன்று தடவை.

"நூத்தி அம்பத்திரண்டு, தொண்ணூத்தி நாலு. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா அண்ணே?"

"ஒரு வருஷமா ஒரு நாள் விடல."

"அப்படியும் இறங்கலையே. கிரேன் ஓட்டுறவங்களுக்கு நூத்தி நாப்பதுக்குக் கீழே, தொண்ணூறுக்குக் கீழே இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். மேலே உங்களுக்குத் தலை சுத்தினா கீழே இருக்கிறவங்க கதி என்ன? ரெண்டு மாசம் டைம் தரேன். அதுக்கப்புறம் கிரேன்லேருந்து இறக்கி, அச்சுக்கு மணல் சலிக்கிற பக்கம் மாத்திடுவாங்க."

மணல் சலிக்கிற பக்கம்! முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஆலையில் குப்பை கொட்டியவரிடம் சொல்கிற பேச்சா இது? அவருக்கு அப்போதே பிரஷர் இன்னும் பத்து ஏறியிருக்கும். "இங்க இருக்கிறவனுங்க எல்லாரும் என்னைக் கோபப்படாதே கோபப்படாதேன்னு சொல்லியே கோபப்படுத்துறானுங்க சிஸ்டர்" என்று கத்தினார்.

"நான் கோபத்தைப் பத்திப் பேசவே இல்லையே. உப்பைப் பத்திப் பேசறேன்" என்றாள் அவள். "உப்பு உள்ளே போனா தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். ரத்தம் அளவுல கூடும். குழாய் அதே குழாய்தானே? அழுத்தம் ஏறாம என்ன பண்ணும்? மாத்திரை ஒரு பக்கம் தண்ணியை வெளியே தள்ளப் பார்க்குது. நீங்க இன்னொரு பக்கம் உப்பைப் போட்டு அதைப் பிடிச்சு வெச்சுக்கறீங்க. நாள் முழுக்க, எல்லாம் சேர்த்து, ஒரு டீஸ்பூன். அதுக்கு மேல கூடாது."

பிறகு ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேட்டாள். ஊறுகாய் உண்டா, சிப்ஸ் உண்டா, கேண்டீன் சாப்பாடா, பாக்கெட் சூப்பா, கருவாடா. அவர் யோசித்து யோசித்து உண்மையைச் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிச் சீருடையை ஒரு வருஷம் கூடுதலாக உழைக்கும்படி பிரித்துத் தைப்பது. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷின், அதன் பக்கத்தில் ஆட்களின் பெயர் எழுதிக் குத்திய பொட்டலங்கள். அவள் விஷயத்தைக் கேட்டாள், எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்து ஒரு துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். ஊறுகாய் பாட்டில் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. கடை ரொட்டியிலும் உப்பு உண்டு என்று அதைக்கூட வாங்காமல் தானே சுட ஆரம்பித்தாள். தனித்தனியாக இரண்டு சமையல் செய்ய அவளுக்கு எங்கே நேரம்? அவளும் அதையேதான் சாப்பிட்டாள்.

முதல் வாரம் அவர் தட்டைப் பார்த்து முறைத்தார். அவித்த உருளைக்கிழங்கில் எலுமிச்சையும் மிளகும். முட்டையில் வெங்காயமும் பூண்டும். "இதைத் தின்னுட்டு வாழறதுக்கு..." என்று ஆரம்பிப்பார். "மணல் சலிக்கப் போங்க" என்று அவள் முடிப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். கல்யாணம் ஆகிப் போயிருந்த மகள் ஒரு பிரஷர் பார்க்கும் மெஷினை வாங்கிக் கொடுத்து, வாரம் ஒருமுறை, காலையில், சாப்பிடுவதற்கு முன்னால், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா உட்காருவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பட்டையைப் பார்த்தாலே சிடுசிடுத்தார். "இதுல என்ன இருக்கு, பாருங்க" என்று மனைவி முதலில் தன் கையில் சுற்றிக் காட்டினாள். அவள் தையல் அளவு குறிக்கும் நோட்டில் இருவரின் எண்ணையும் எழுதும் பழக்கம் அப்படித்தான் வந்தது. அவர் தன் வரியை மட்டும் பார்ப்பார்.

நூற்று ஐம்பத்து இரண்டு. அடுத்த வாரம் நூற்று ஐம்பத்து மூன்று. அதற்கடுத்து நூற்று ஐம்பத்து ஒன்று. தலைகீழாக நின்றாலும் அந்த எண் அசையவில்லை. நாக்கு செத்துப்போக வாயைக் கட்டினவனுக்கு இதுதான் கூலியா? ஐந்தாம் வாரம் நர்ஸிடம் போனார். அவள் அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வீட்டுல உண்மையிலேயே உப்பைக் குறைச்சிருக்காங்களா? சில பேர் பாவம் பார்த்துக் கொஞ்சம் போட்டுடுவாங்க."

அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்தை அவர் பஸ்ஸில் நாற்பது நிமிஷம் ஊதி ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எவ்வளவு போடறே?"

மெஷினில் இருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன எவ்வளவு?"

"உப்பு! எனக்குத் தெரியாம எவ்வளவு போடறே? பாவம் பார்க்கிறியா? என் வேலை போகுது, நீ பாவம் பார்க்கிறியா?"

ஒரு மனிதன் வீட்டுக்குள் நுழைந்து கேட்கிற கேள்வியா அது? ஐந்து வாரம் மாவு பிசைந்த கையைப் பார்த்துக் கேட்கிறார். எனக்கு அவர்மேல் எவ்வளவோ பிரியம் உண்டு. ஆனாலும் அன்றைக்கு அந்த அறையில் நான் இருந்திருந்தால் அவர் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். முப்பது வருஷ வாழ்க்கையில் ஒருமுறைகூட 'நீங்க' என்பதைத் தவறவிடாதவள், அன்றைக்குத் தவறவிட்டாள்.

"நீ வெளியில எங்கே போய்த் திங்கிறே? அதைச் சொல்லு முதல்ல."

"நானா? நான் எங்கேயும்..."

"அந்தத் தட்டுலதானே நானும் சாப்பிடறேன்? எனக்கு மட்டும் என்ன, நாக்கு மரத்துப்போச்சா? உப்பில்லாத உருளைக்கிழங்கு எனக்கு மட்டும் சர்க்கரையா?" நோட்டை எடுத்து அவர் மேல் எறிந்தாள். "என் வரியைப் பாரு! ஒரு தடவையாவது பார்த்தியா? முதல் வாரம் என்ன, இந்த வாரம் என்ன?"

குனிந்து எடுத்துப் பார்த்தார். அவளுடைய வரியில் முதல் வாரம் நூற்று அறுபத்தாறு, நூறு. பிறகு நூற்று அறுபது. பிறகு நூற்று ஐம்பத்து ஏழு. இந்த வாரம் நூற்று ஐம்பத்து மூன்று. மாத்திரை இல்லை, மருந்து இல்லை, அதே சாப்பாடு. படிப்படியாக இறங்கியிருந்தது.

"நான் உப்புப் போட்டிருந்தா எனக்கு எப்படி இறங்கும்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது, ஆனால் அழவில்லை. அழுதால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். "இந்த வீட்டுல உப்பு இல்லை. அப்போ வெளியிலேருந்துதான் வருது. உட்காரு. காலைலேருந்து வாய்க்குள்ள போற ஒவ்வொண்ணையும் சொல்லு."

அவர் உட்கார்ந்தார். ஆச்சரியம், உட்கார்ந்தார். காலையில் இங்கே சாப்பிட்டது. பத்து மணிக்கு டீ. மதியம் அவள் கட்டிக்கொடுத்த டப்பா. மூணு மணிக்கு ஒரு பழம். அவ்வளவுதான்.

"குடிக்கிறது?"

"தண்ணிதான்."

"என்ன தண்ணி?"

"டிரம் தண்ணிதான், வேற என்ன தண்ணி?"

அந்த டிரம்மைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உலைப் பக்கத்தில் ஒரு பெரிய நீல டிரம் உண்டு. உலையில் நிற்கிறவனுக்குச் சட்டையைப் பிழிந்தால் ஒரு கோப்பை வியர்வை வரும். அதற்காக யாரோ ஒரு காலத்தில் அந்த டிரம் தண்ணீரில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கரைக்கிற வழக்கத்தை ஆரம்பித்துவைத்தார்கள். பத்தொன்பது வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். குடிக்க மாட்டேன் என்கிற புதுப் பையனை 'நிழல்ல வளர்ந்த செடி' என்று கிண்டல் பண்ணுவார்கள். கிரேனுக்கு மாறிய பிறகும் அவர் அதை விடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கயிற்றில் சின்ன வாளியைக் கட்டிக் கீழே இறக்குவார். உலையில் உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடை வழித்தெடுக்கிற அவருடைய கூட்டாளி, கரண்டி என்று பட்டப்பெயர், அதில் இருக்கும் பாட்டிலை நிரப்பி அனுப்புவான். ஒரு நாளைக்கு நாலு பாட்டில். உலையை விட்டு வந்தாலும் உலைக்காரன்தான் என்பதில் அவருக்கு ஒரு வீம்பு.

அவர் உட்காருகிற அறையில் ஏசி உண்டு. ஒன்பது வருஷமாக அவருக்கு ஒரு துளி வியர்த்ததில்லை.

"அது சாப்பாடு இல்லையேம்மா" என்றார். "அது... தண்ணி. எல்லாரும் குடிக்கிறதுதானே. மயக்கம் வராம இருக்கிறதுக்கு."

"நாளைக்கு ஒரு பாட்டில் கொண்டு வா" என்றாள்.

கொண்டுவந்தார். அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு வாஷ்பேசினில் துப்பினாள். பிறகு பாட்டில் முழுவதையும் ஒரு வாணலியில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொதித்து, வற்றி, கடைசியில் அடியில் பழுப்பும் வெள்ளையுமாகப் படிந்தது. கருகிய சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பெரும்பாலும் உப்புதான், நாக்கில் வைத்ததும் தெரிந்தது. கத்தி முனையால் சுரண்டி டீஸ்பூனில் போட்டாள். பாதிக்கு மேல் வந்தது. "நாலு பாட்டில்" என்று மட்டும் சொன்னாள். அவருக்குக் கணக்குப் போடத் தெரியும்.

மறுநாள் ஆலையில் அவர் போட்ட சத்தம் இன்றைக்கும் பேசப்படுகிறது. முதலில் அகப்பட்டவன் கரண்டி. "ஒன்பது வருஷமா எனக்கு எதுக்குடா ஊத்திக் குடுத்தே?"

"நீதானேடா வாளியை இறக்கினே!" என்றான் கரண்டி. "இறங்குற வாளியை நிரப்பாம என்ன பண்ணுவாங்க? உனக்கு மேல வியர்க்குதா இல்லையான்னு நான் ஏணி போட்டா பார்க்க முடியும்?"

அடுத்து பாதுகாப்பு அதிகாரி. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, டிரம் உலையில் நிற்கிறவர்களுக்கு என்றுதான் விதியில் இருக்கிறது, கிரேன்காரர் குடிக்கச் சொல்லி எங்கேயும் எழுதவில்லை என்றார். "குடிக்கக் கூடாதுன்னும் எழுதலையே! குடோன்ல உட்கார்ந்து சீட்டு எழுதுறவன் குடிக்கிறான், கேட்ல நிக்கிறவன் குடிக்கிறான், உங்க டிரைவர் குடிக்கிறான். நீங்க ஒரு நாளாவது இந்த டிரம்மை எட்டிப் பார்த்திருக்கீங்களா? எவ்வளவு உப்புப் போடறாங்கன்னு அளவு இருக்கா?" அளவு இல்லை. ஒரு கை, சில நாள் இரண்டு கை, போடுகிறவனின் மனநிலையைப் பொறுத்து. அதிகாரியிடம் பதில் இல்லாததால், சத்தம் போடாதீர்கள் என்றார். பதில் இல்லாத எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள்? கடைசியில் நர்ஸ் வந்து பார்த்து, கைக்கணக்கை நிறுத்தி, உலைக்காரர்களுக்கு மட்டும் அளந்து கரைக்க ஏற்பாடு செய்தாள். மற்றவர்களுக்கு வெறும் தண்ணீர்க் குழாய். அவருக்கு அது போதவில்லை. இன்னும் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. யாரும் மிச்சமில்லை.

வெறும் தண்ணீர் முதலில் அவருக்குச் சப்பென்று இருந்தது. ஆறாம் வாரம் நூற்று நாற்பத்தாறு. ஏழாம் வாரம் நூற்று நாற்பத்து ஒன்று. சாப்பாட்டில்கூட ருசி தெரிய ஆரம்பித்தது, வெறும் தக்காளியைக் கடித்துவிட்டு, "இதுல உப்புப் போட்டியா?" என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளை, மூடிக்கொண்டார். மனைவி 'நீங்க'வுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. செருப்போடு வந்து நின்று கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து அந்தத் தாளைக் கையில் கொடுத்தால் அவளுக்கே புரிந்துவிடும் என்று நினைத்தார்.

எட்டாம் வாரம் மருத்துவ அறைக்குப் போனார். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தார். நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு. நர்ஸ் இரண்டு தடவை பார்த்தாள், சிரித்தாள், கையெழுத்துப் போட்டாள். நாற்காலி பிழைத்தது. பெருமை தாங்காமல் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். "பாருங்க சிஸ்டர், எங்க வீட்டுல உப்பைக் குறைக்கலைன்னு சொன்னீங்களே! அவ வரியையும் பாருங்க. எப்படி இறங்கியிருக்கு! அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம்."

நர்ஸ் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இவங்க என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"அவளுக்கு எதுக்கு மாத்திரை? அவளுக்கு ஒண்ணும் இல்லை."

"அண்ணே, நூத்தி அறுபத்தாறு, நூறு. உங்களோடதைவிட மோசம். உப்பைக் குறைச்சதுல இறங்கியிருக்கு, சரி, ஆனா இன்னும் நூத்தி அம்பதுல நிக்குது. இதுக்கு முன்னாடி எத்தனை வருஷமா இப்படி இருந்ததோ! டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அவர் நோட்டைத் திரும்ப வாங்கி அவளுடைய முதல் வரியைப் பார்த்தார்.

"எட்டு வாரமா இதைக் கையில வெச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

அந்த எண்ணை அவர் பார்க்காமலா இருந்தார்? பார்த்தார். தான் கத்தியது தப்பு என்று காட்டுகிற சாட்சியாகப் பார்த்தார், தன் நாற்காலியைக் காப்பாற்றுகிற துப்பாகப் பார்த்தார். ஒரு பெண்ணின் ரத்தம் என்று பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை; அவள் எண்ணுக்கு எந்த ஆலையும் கையெழுத்துக் கேட்கவில்லையே. இவ்வளவு நாளும் ஊரில் இருக்கிற எல்லோர் மேலும் பாய்ந்த கோபம், அந்த மருத்துவ அறையில் போக வேறு இடம் இல்லாமல் அவர் மேலேயே திரும்பியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் அவள் மெஷினில் இருந்தாள், வாயில் நாலைந்து குண்டூசிகளோடு. பக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் பெண், கால்சட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாங்களா?" என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து கேட்டாள்.

"எழுந்திரு. டாக்டர்கிட்ட போகணும்."

"ஐயோ, இறங்கலையா உங்களுக்கு?"

"எனக்கு இல்லை. உனக்கு."

அவர் நீட்டிய நோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் துணியைத் தள்ள ஆரம்பித்தாள். "எனக்கு என்ன? நல்லாத்தானே இறங்கிட்டு வருது. இவங்களுக்கு நாளைக்கு வேணுமாம். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

அவர் குனிந்து மெஷினின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். மெஷின் பாதித் தையலில் நின்றது.

"அடுத்த வாரமெல்லாம் கிடையாது!" என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அந்த வாடிக்கையாளர் பெண் பக்கம் திரும்பினார். "அம்மா, கால்சட்டை ரெண்டு நாள் கழிச்சு வந்தா யாரும் செத்துப்போயிட மாட்டாங்க. இவ..."

ஒயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவள் அவர் கையிலிருந்த ஒயரைப் பார்த்தாள். பிறகு வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவைத்துவிட்டு எழுந்தாள்.